குவாண்டிஃபெரான் டெஸ்ட்: பாசிட்டிவா நெகட்டிவா என்று மட்டும் பார்த்தால் பாதி காசு போச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிபி (காசநோய்) கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்திருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான குவாண்டிஃபெரான் டிபி கோல்ட் பிளஸ் நல்ல டெஸ்ட். ஐந்துக்கு நாலு மார்க் தாராளமாகக் கொடுப்பேன். ஆனால் ரத்தம் எடுக்கிற லேப் சொதப்பினால் இதைவிட வீண் செலவு கிடையாது, அதனால் டெஸ்ட்டுக்குத் தனி மார்க், லேபுக்குத் தனி மார்க்.

எடுத்தது அக்காவுக்கு. முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட்டும் கொஞ்சம் ஸ்டீராய்டும் ஓடிக்கொண்டிருந்தன, போதவில்லை, அடுத்து அடலிமுமாப் ஊசிக்குப் போகலாம், அதற்கு முன்னால் இந்த டெஸ்ட்டும் மார்பு எக்ஸ்ரேயும் கட்டாயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, வீட்டில் யாருக்கும் டிபி வந்ததும் இல்லை, மூட்டுவலிக்குப் போனவளுக்கு எதுக்குடா டிபி டெஸ்ட் என்று அம்மாவுக்கு ஒரே கோபம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் டி செல்கள் (நோய் எதிர்ப்பு வேலை செய்யும் ஒரு வகை வெள்ளை அணுக்கள்) டிபி கிருமியை எப்படி அடக்கி வைத்திருக்கின்றன என்று தெரிந்தால்தான் பதில் புரியும்.

டிபி கிருமி நுரையீரலுக்குள் போனதும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல் அதை விழுங்கிவிடும். விழுங்குவதோடு சரி, செரிக்க முடியாது. கிருமி அதற்குள்ளேயே குடித்தனம் நடத்த ஆரம்பிக்கும். இதற்கிடையில் டென்ட்ரிட்டிக் செல்கள் கிருமியின் துண்டுகளை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் சிடி4 என்ற உதவி டி செல்களிடம் காட்டும். கூடவே இன்டர்லூக்கின்-12 (சுருக்கமாக ஐஎல்-12) என்ற சமிக்ஞையையும் விடும். டி செல் என்ன வேலைக்குப் போகப்போகிறது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இந்த மாதிரி சமிக்ஞைகள்தான். ஐஎல்-12 கிடைத்தால் அது டிஎச்1 என்ற ரகம் ஆகும், ஐஎல்-4 கிடைத்தால் டிஎச்2. டிஎச்2 போகிற பாதை குடல் புழு, அலர்ஜி, ஆஸ்துமா என்று வேறு பக்கம். டிஎச்17 என்று இன்னொன்று இருக்கிறது, சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் பிரேக் போடுகிற ரெகுலேட்டரி டி செல்கள் தனி ரகம், 2025 மருத்துவ நோபல் அவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான்.

டிபிக்குத் தேவை டிஎச்1. அது வெளியிடும் இண்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம் போய்ச் சேர்ந்ததும்தான் மேக்ரோஃபேஜுக்குத் தான் விழுங்கியதைக் கொல்லும் சக்தி வருகிறது. இந்த ஐஎல்-12, இண்டர்ஃபெரான் காமா பாதையில் பிறவியிலேயே கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு, பிறந்ததும் போடுகிற பிசிஜி தடுப்பூசிக் கிருமியே உடம்பு முழுக்கப் பரவிவிடுகிறது; அந்த ஒரு மூலக்கூறு எவ்வளவு முக்கியம் என்று காட்ட இது போதும். கொல்ல முடியாமல் மிஞ்சும் கிருமிகளைச் சுற்றி செல்கள் கூடி கிரானுலோமா என்ற வேலியைக் கட்டுகின்றன. அந்த வேலி கலையாமல் பார்த்துக்கொள்ளும் சமிக்ஞைகளில் முக்கியமானது டிஎன்எஃப். அடலிமுமாப் பிடித்து முடக்குவது சாட்சாத் அதே டிஎன்எஃப்பைத்தான். மூட்டுக்கு நல்லது, வேலிக்கு ஆபத்து. 2001இல் இதே வகை மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் எடுத்தவர்களில் 70 பேருக்கு டிபி வந்ததைப் பற்றி ஒரு கட்டுரை வெளியானது, அதற்கப்புறம்தான் ஊசிக்கு முன்னால் இந்தச் சோதனை என்பது கறாரான வழக்கமானது.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். இது கிருமியைத் தேடுவதில்லை. உங்கள் டி செல்களிடம் டிபி கிருமியின் புரதத் துண்டுகளைக் காட்டி, இதை முன்னாடி பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறது. பார்த்திருந்தால் அந்த நினைவு டி செல்கள் இண்டர்ஃபெரான் காமாவை விடும், அதை அளக்கிறார்கள். யோசனை முதலில் ஆஸ்திரேலியாவில் மாடுகளுக்கு வரும் டிபியைக் கண்டுபிடிக்க உருவானது என்பது எனக்குப் பிடித்த துணுக்கு.

நாலு டியூப், ஒவ்வொன்றிலும் 1 மி.லி. ரத்தம். சாம்பல் மூடி போட்டது காலி டியூப், எதையும் காட்டாமலே உங்கள் ரத்தத்தில் எவ்வளவு இண்டர்ஃபெரான் காமா இருக்கிறது என்று பார்க்க. பச்சை மூடியில் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களின் நீளமான துண்டுகள், இவை சிடி4 செல்களுக்கு. மஞ்சள் மூடியில் அவற்றோடு குட்டித் துண்டுகளும் உண்டு, அவை சிடி8 என்ற இன்னொரு ரக டி செல்களுக்கு. ஊதா மூடியில் மைட்டோஜன், ராஜ்மா இனத்திலிருந்து வரும் ஒரு புரதம், அது டிபி கண்டதோ இல்லையோ எந்த டி செல்லையும் உலுக்கி எழுப்பிவிடும். பச்சை, மஞ்சள் டியூப்களில் எதுவும் எழாமல் இதற்கும் எழவில்லை என்றால் டெஸ்ட்டே செல்லாது. ரத்தம் எடுத்த பொண்ணு ஒவ்வொரு டியூப்பையும் பத்து தடவை குலுக்கினாள். "என்னம்மா, சாத்துக்குடி ஜூஸ் மாதிரி குலுக்குற?" என்று அக்கா கேட்டதற்கு, "மருந்து உள்சுவர்ல ஒட்டியிருக்கு மேடம், ரத்தம் எல்லாப் பக்கமும் படணும்" என்று சொன்னாள். அது இரண்டாவது லேப்.

முதல் லேப் கதை வேறு. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறோம் என்று தள்ளுபடியும் கொடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் வந்த பையன் நாலு டியூப்பையும் நிரப்பி அப்படியே பையில் போட்டுக்கொண்டான், குலுக்கவே இல்லை. எப்போது இன்குபேட்டரில் வைப்பீர்கள் என்று கேட்டேன். "மெயின் லேபுக்குப் போகும் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. இந்த டியூப்பில் எடுத்த ரத்தத்தை 16 மணி நேரத்துக்குள் 37 டிகிரி இன்குபேட்டருக்குள் வைத்தாக வேண்டும், அப்புறம் அங்கே 16 முதல் 24 மணி நேரம் இருக்க வேண்டும். வெளியே கிடந்தால் டி செல்கள் சோர்ந்துவிடும். வந்த ரிப்போர்ட்டில் 'இண்டிடெர்மினேட்' (முடிவு சொல்ல முடியவில்லை) என்று ஒரு வார்த்தை, கீழே 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை' என்று வழக்கமான பல்லவி, எண்களே இல்லை. போன் போட்டு, மெயில் அனுப்பி, கெஞ்சித்தான் வாங்கினேன்: மைட்டோஜனில் இருந்து காலி டியூப்பைக் கழித்தால் 0.29. குறைந்தது 0.5 வந்திருக்க வேண்டும். ஸ்டீராய்டு டி செல்களை அமுக்கியிருக்கலாம், ரத்தம் கையாண்ட விதமும் காரணமாக இருக்கலாம், திரும்ப எடுங்கள் என்றார் டாக்டர். திரும்ப எடுக்க மறுபடி முழுக் காசு என்றது லேப். விட்டுவிட்டு வந்துவிட்டோம். அந்த லேபுக்கு ஒரு மார்க், அதுவும் பையன் ஊசியை வலிக்காமல் குத்தினான் என்பதற்காக.

இரண்டாவது இடத்தில் இன்குபேட்டர் அங்கேயே இருந்தது, காலையில் எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் நாலு எண்களும் இருந்தன. அக்கா அப்போதும் அதே ஸ்டீராய்டில்தான் இருந்தாள், ஆனாலும் மைட்டோஜன் 10க்கு மேல். காலி டியூப்பைக் கழித்த பிறகு பச்சை 0.82, மஞ்சள் 1.29. எல்லைக்கோடு 0.35. ஆக பாசிட்டிவ்.

அம்மா அழுதே விட்டார். இங்கேதான் இந்த டெஸ்ட்டின் பெரிய குறை: பாசிட்டிவ் என்றால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எப்போதோ கிருமி உள்ளே வந்தது, டி செல்கள் அதை ஞாபகம் வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். இப்போது நோயாக ஓடுகிறதா, வேலிக்குள் தூங்குகிறதா என்று இதனால் பிரித்துச் சொல்ல முடியாது, அதற்கு எக்ஸ்ரே, அறிகுறிகள், தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை என்று வேறு வழிகள்தான். நம் ஊரில் பஸ்ஸிலும் ஆபீஸிலும் தெரியாமலே கிருமியைச் சுவாசித்தவர்கள் எக்கச்சக்கம், அதனால் காரணமில்லாமல் சும்மா எடுத்துப் பார்க்கிற டெஸ்ட் இல்லை இது. இன்னொன்று, 0.35க்கு ஒட்டி 0.3, 0.4 என்று வந்தால் அடுத்த முறை எடுக்கும்போது கோட்டின் அந்தப் பக்கம் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. அதனால்தான் எண்களைக் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். அக்காவுடையது கோட்டைவிட்டு நன்றாகத் தள்ளி இருந்ததால் டாக்டருக்கும் குழப்பமில்லை.

மாண்டூ போட்டிருந்தால் இருநூறு முந்நூறோடு முடிந்திருக்குமே, இதற்கு ஏன் ஆயிரக்கணக்கில் என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் போய் தடிப்பை மில்லிமீட்டரில் அளப்பது மாண்டூ. அதிலும் வேலை செய்வது டி செல்தான். ஆனால் அதில் இருப்பது பல புரதங்களின் கலவை, பிசிஜி போட்டவர்களுக்கும் தடித்துவிடலாம். குவாண்டிஃபெரானில் அந்தத் தொல்லை இல்லை. பிசிஜியை உருவாக்கிய கால்மெட்டும் கெராங்கும் 1908 முதல் 1921 வரை 230 முறை வளர்த்து வளர்த்து கிருமியைச் சாதுவாக்கியபோது அது தொலைத்த மரபணுப் பகுதியில்தான் ஈசாட்-6உம் சிஎஃப்பி-10உம் இருந்தன, அதனால் பிசிஜி மட்டும் போட்ட டி செல்லுக்கு இவற்றை அடையாளமே தெரியாது.

பிசிஜிதான் போட்டாச்சே, அப்புறம் எப்படி வந்தது என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. 1968இல் நம்ம செங்கல்பட்டில்தான், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து, அதைப் பரிசோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை என்பது முடிவு. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி மோசமான வடிவங்கள் வராமல் காப்பதற்காகத்தான் இன்றும் போடுகிறார்கள்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. தூங்குகிற கிருமியை ஒழிக்க ஐசோனியாசிட் மாத்திரை ஆறு மாதம், கூடவே பி6 வைட்டமின். முதல் மாதம் முடிந்ததும் அடலிமுமாப் ஆரம்பித்தார்கள், இப்போது அக்கா காலையில் அவளே டப்பா மூடி திறக்கிறாள். எடுக்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: இன்குபேட்டர் அங்கேயே இருக்கிறதா, ரிப்போர்ட்டில் நாலு டியூப் எண்களும் வருமா. முழித்தால் வேறு லேப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் வேண்டவே வேண்டாம்.

மாத்திரை முடிந்ததும் நெகட்டிவ் ஆகிவிட்டதா என்று இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் அம்மா. தேவையில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். கிருமி ஒழிந்தாலும் நினைவு டி செல்கள் வருஷக்கணக்கில் இருக்கும், ரிப்போர்ட்டும் பாசிட்டிவாகவே வந்துகொண்டிருக்கலாம், அதைப் பார்த்து அம்மா மறுபடி அழ அந்தக் காசைச் செலவழிக்க முடியாது.