இரவுப் படங்களுக்கென்று விற்கப்படும் சின்ன கேமரா: பணம் கொடுக்கும் முன் லென்ஸ் வளையத்தைப் படியுங்கள்

குறைந்த வெளிச்சத்தில் படமெடுக்க, சட்டைப்பையில் அடங்கும் கேமரா ஒன்று வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்காரர் கேமராவின் திரையில் ஓட்டிக் காட்டும் படங்களைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். எனக்குக் காட்டப்பட்ட படங்கள் எனக்கு விற்கப்பட்ட கேமராவில் எடுத்தவையே அல்ல. 48,000 ரூபாய் கொடுத்து, அதில் பாதிகூடப் பெறாத பொருளை வாங்கி வந்திருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் விசாரணையில் இருக்கிறது. ஆனால் நடந்த விதத்தைச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களின்போது பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் மேளக்கட்டு தொடங்கினால் விடிந்துதான் முடியும். சில ஆண்டுகளாக அந்தக் கலைஞர்களைப் படமெடுத்து வருகிறேன். கண்ணாடிச் சில்லு பதித்த கிரீடம், புஜக்கட்டை, முகத்தில் சிவப்பும் பச்சையுமாக அரிதாரம் என்று கட்டை வேடக்காரர் (மர அணிகலன்கள் பூண்டு ஆடுபவர்) திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து சுழன்றாடுவதைப் பார்த்தவர்களுக்கு, அதைப் படமாக்க ஏன் இத்தனை ஆசை என்று விளக்க வேண்டியதில்லை. வெளிச்சமோ நான்கு டியூப் லைட்டும் ஒரு எல்.இ.டி. விளக்கும்தான். ஃப்ளாஷ் அடித்தால் ஆடுபவரின் கண் கூசும். பாயில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் திட்டுவார்கள், அது நியாயமும்கூட. பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். அதனால்தான் சின்ன கேமரா.

ஒரு அங்குல சென்சார் உள்ள கேமரா வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் போனேன். சென்சார் என்பது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சிப்; அது பெரிதாக இருந்தால் அதிக வெளிச்சத்தை வாங்கும். ஒரு அங்குலம் என்பது பெயர்தான்; அந்தப் பெயரில் வரும் சென்சாரின் உண்மை அளவு 13.2 × 8.8 மில்லிமீட்டர். சோனி 2012-இல் ஆர்.எக்ஸ். 100 கேமராவில் கொண்டுவந்த பிறகு, கேனன் ஜி7 எக்ஸ் போன்ற பல கேமராக்களுக்கு இதுவே அளவாகிவிட்டது. நான் கேட்ட மாடலின் பெயரைச் சொன்னதும் விற்பனையாளர், "சார், அது வருவது நின்றுவிட்டது. அதே கம்பெனியின் புது மாடல் இது. சென்சார் அதே ஒரு அங்குலம்தான், ஜூம் இன்னும் அதிகம், ஐ.எஸ்.ஓ. 12,800 வரை போகும், 20 மெகாபிக்சல், கை நடுக்கமும் தெரியாது" என்றார். சென்சார் அளவை மறுபடியும் கேட்டேன். "அதே ஒரு அங்குலம்தான் சார், எழுதியே தருகிறேன்" என்றார். எழுதித் தரவில்லை. அதற்குப் பதிலாகக் கேமராவின் திரையில் மூன்று படங்களைக் காட்டினார்: விளக்கு போட்ட கோபுரம், மத்தாப்பு பிடித்த குழந்தை, மழையில் நனைந்த இரவுச் சாலை. குழந்தையின் கன்னத்தில் விழுந்த பொறிவெளிச்சம்வரை தெளிவாக இருந்தது. அந்தப் படங்கள் இருந்த மெமரி கார்டையே "இனாமாக வைத்துக்கொள்ளுங்கள் சார்" என்று கேமராவோடு கொடுத்தார். அந்தக் கார்டுதான் இன்று என்னிடமிருக்கும் சாட்சி.

அடுத்த வாரம் அர்ச்சுனன் தபசு கூத்து. நான் எடுத்த படங்களில் அரிதாரம் முழுதும் கரைந்து ஒரே பூச்சாகத் தெரிந்தது. கிரீடத்தின் சில்லுகள் தனித்தனியாக விழவில்லை; வெளிச்சக் குழம்பாக இருந்தது. ஜூம் செய்தால் இன்னும் மோசம். அதிகாலையில் ஒப்பனை அறைக்குப் பக்கத்தில், பல ஆண்டுகளாகக் கூத்துப் படம் எடுக்கும் ஒரு பெரியவரிடம் கேமராவை நீட்டி, "அண்ணே, செட்டிங் ஏதாவது தப்பா என்று பாருங்கள்" என்றேன். அவர் மெனுவைத் தொடவே இல்லை. லென்ஸை டியூப் லைட் பக்கம் திருப்பி, அதன் வளையத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். "நாலு புள்ளி மூணு என்று ஆரம்பிக்கிறது தம்பி. இது ஒரு அங்குலம் கிடையாது" என்றார்.

இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அட்டைப்பெட்டியில் எது வேண்டுமானாலும் அச்சடித்திருக்கலாம், விற்பவர் எதையும் சொல்லலாம். லென்ஸ் வளையத்தில் இருப்பது அந்த லென்ஸின் உண்மையான குவியத் தூரம் (ஃபோகல் லெங்த்), அதாவது காட்சி எவ்வளவு அகலமாக விழும் என்பதைத் தீர்மானிக்கும் மில்லிமீட்டர் கணக்கு. பெட்டியில் "24 மி.மீ." என்று இருப்பது முழுச்சட்டக் கேமராவுக்கு (பழைய ஃபிலிம் அளவில் சென்சார் உள்ள பெரிய கேமரா) இணையான கணக்கு. சென்சார் சிறியதாக ஆக, அதே அகலக் காட்சிக்குத் தேவைப்படும் உண்மைக் குவியத் தூரமும் குறைந்துகொண்டே வரும். ஆகவே பெட்டியில் உள்ள முதல் எண்ணை வளையத்தில் உள்ள முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 2.7 வந்தால் ஒரு அங்குல சென்சார். 5.6 வந்தால் சாதாரணச் சின்ன கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சார்; அதன் அளவு ஏறக்குறைய 6.2 × 4.6 மி.மீ. மட்டுமே.

கேனன் ஜி7 எக்ஸ் வளையத்தில் 8.8 – 36.8 என்று இருக்கும், 24-ஐ 8.8-ஆல் வகுத்தால் 2.7. முதல் ஆர்.எக்ஸ். 100-இல் 10.4 – 37.1, அது 28-இல் தொடங்குவதால் அதற்கும் 2.7. பானசோனிக் எல்.எக்ஸ். 100-இல் 10.9 – 34, விடை 2.2, அதாவது சென்சார் இன்னும் பெரிது. ரிக்கோ ஜி.ஆர். 3-இல் 18.3 என்று ஒரே எண், ஏனென்றால் அதில் ஜூம் இல்லை. 28-ஐ அதனால் வகுத்தால் 1.5, பெரிய கேமராக்களில் வரும் ஏ.பி.எஸ்.-சி. சென்சார். எனக்கு விற்கப்பட்டதில் 4.3. கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரில் பத்து நொடி வேலை.

அதே வளையத்தில் 1:1.8-2.8 என்பது போல இன்னொரு ஜோடி எண்ணும் இருக்கும். அது லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பது; எஃப் எண் என்பார்கள். எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரிது. முதல் எண் அகலக் காட்சிக்கு, இரண்டாவது முழு ஜூமுக்கு. விற்பவர்கள் வாயில் வருவது எப்போதும் முதல் எண்தான். இரண்டாவதைப் பார்க்காமல் விடாதீர்கள்: முதல் ஆர்.எக்ஸ். 100 நல்ல கேமராதான், ஆனாலும் 1.8-இல் தொடங்கி ஜூமில் 4.9-க்குப் போய்விடும். என்னிடம் இருப்பது 3.3-இல் தொடங்கி 6.9-இல் முடிகிறது. எஃப் 1.8-க்கும் 3.3-க்கும் இடையே உள்ளே வரும் வெளிச்சம் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். சென்சார் பரப்பு வேறு நான்கு மடங்கு குறைவு. இரண்டும் சேர்ந்தால், நான் கேட்ட கேமரா சேர்க்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான் இதற்குக் கிடைக்கும். அகலக் காட்சியிலேயே இந்த நிலை என்றால் ஜூமில் கேட்கவே வேண்டாம். மேடை வெளிச்சத்தில் இதைக் கொண்டு என்ன செய்ய முடியும்?

ஐ.எஸ்.ஓ. 12,800 என்பது இந்தப் பற்றாக்குறையை மூடும் பேச்சு. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் வெளிச்சம் கூடாது. கிடைத்த கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டும், புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், அதை அழிக்க கேமரா மென்பொருள் தேய்க்கும், அரிதாரக் கோடுகள் அதோடு போய்விடும். கை நடுக்கத் தடுப்பு உங்கள் கையைத்தான் பிடிக்கும், ஆடுபவரைப் பிடிக்காது; கோபுரத்தை எடுக்க உதவும், கூத்துக்கு உதவாது. "நைட் மோட்" பெரும்பாலும் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது; அதற்குள் கலைஞர் ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருப்பார். மெகாபிக்சலைப் பற்றிப் பேச எதுவுமில்லை, இரவு வேலைக்கு அது கணக்கிலேயே வராது.

வீட்டுக்கு வந்து இனாமாகத் தந்த கார்டைக் கணினியில் போட்டேன். ஒவ்வொரு டிஜிட்டல் படத்தோடும் அதை எடுத்த கேமராவின் மாடல், குவியத் தூரம், திறப்பு, ஷட்டர் வேகம் எல்லாம் பதிவாகியிருக்கும், எக்ஸிஃப் என்பார்கள். மத்தாப்புக் குழந்தையின் படத்தைத் திறந்து விவரத்தைப் பார்த்தால் 8.8 மி.மீ., எஃப் 1.8. மாடல் பெயர், நான் எதைக் கேட்டுக் கடைக்குப் போனேனோ அதுவே! மூன்று படங்களும் அப்படித்தான். ஒரே கம்பெனியின் கேமராக்களில் ஒன்றில் எடுத்த படம் மற்றொன்றின் திரையிலும் சாதாரணமாகத் தெரியும். அதைப் பயன்படுத்தித்தான் நல்ல கேமராவின் படத்தைக் காட்டி மட்டமானதை விற்றிருக்கிறார்கள். இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

கடைக்குத் திரும்பப் போனபோது முதலில் உபசாரம், பிறகு அலட்சியம். "பெட்டி திறந்தாயிற்று சார், இனி அது பழைய பொருள்" என்றார்கள். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். பில்லில் "டிஜிட்டல் கேமரா – 1" என்று மட்டும் இருந்தது. மாடலும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. அந்தப் பில்லும் நான் பிடிவாதமாகக் கேட்டதால் வந்தது. முதலில் நீட்டியது வெறும் எஸ்டிமேட் சீட்டு. பெட்டியின் பக்கவாட்டில் கடையின் விலை ஒட்டி இருந்ததைக் கிளப்பிப் பார்த்தேன். அடியில் இறக்குமதியாளர் பெயரும் இல்லை, அதிகபட்ச சில்லறை விலையும் இல்லை. இறக்குமதியான பொருளின் பெட்டியில் இவை இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும்; எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. இல்லாத பெட்டி என்றால் குறுக்கு வழியில் வந்த சரக்கு என்று சந்தேகப்படுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் இந்திய வாரண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பாதி விலைக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். கடை பதில் சொல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும், பில் தராமல் இருப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதில் சேரும். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் முப்பது நாள் கணக்கு. கார்டில் இருந்த கோப்புகளை நகல் எடுத்து, அந்த விவரப் பக்கத்தை அச்சடித்து மனுவோடு இணைத்திருக்கிறேன்.

இந்தச் சின்ன கேமராக்களுக்கு இப்போது திடீர்க் கிராக்கி. கேட்டது கிடைக்காத நேரத்தில்தான் "அதே மாதிரி இன்னொன்று" என்ற பேச்சு வரும். கடைக்குப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டு போங்கள். ஐ.எஸ்.ஓ.வை 1600-இல் நிறுத்தி, மேசைக்கு அடியிலோ அலமாரி மூலையிலோ இருட்டான இடத்தில் ஒரு செய்தித்தாளை வைத்து நீங்களே படமெடுங்கள். முழு ஜூமிலும் ஒன்று. திரையில் பெரிதாக்கி எழுத்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். எடுக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். பில்லில் மாடல், வரிசை எண், "ஒரு அங்குல சென்சார்" என்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கேமராவின் அடியில் இருக்கும் எண்ணும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள்.

ஏற்கனவே வாங்கி முப்பது நாள் ஆகவில்லை என்றால் இன்றே வளையத்தைப் பாருங்கள். ஏமாற்றியிருந்தால் வாய்ப் பேச்சில் நாளைக் கடத்தாமல் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடை தந்த கார்டை மட்டும் தயவுசெய்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.