சேலத்திலிருந்து நவகிரகக் கோயில்களுக்கு 3 நாள் வேன் பயணம்

ஒன்பது கிரகக் கோயிலையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட வேண்டும் என்பது அத்தையின் பல வருட ஆசை. ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் அவரை ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. முழங்கால் வலி அவ்வளவு. அதனால் அம்மாப்பேட்டையில் ஒரு டிராவல்ஸில் 12 சீட் வேன் பேசி, 9 பேர் போய் வந்தோம்.

டிரைவர் அண்ணனைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். சூரியனில் தொடங்கி கேது வரை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "இப்படிப் போனா பாதி நேரம் ரோட்டுலயே போயிரும்மா. ஞாயித்துக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரைக்கும் ராகுகாலம். அந்நேரம் திருநாகேஸ்வரத்துல இருக்கணும். மத்ததை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக்கலாம்" என்றார்.

அப்படியே செய்தோம். ஞாயிறு காலை 4 மணிக்குக் கிளம்பி, நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியாக முதலில் திங்களூர் சந்திரன். நடை சாத்துவதற்குள் ஆலங்குடி குரு பகவான். மதியம் கும்பகோணத்தில் அறை எடுத்து அத்தை நன்றாகத் தூங்கினார். அந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்களில் மதியம் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தை ஓய்வுக்கு ஒதுக்காமல் வயதானவர்களைக் கூட்டிப்போகவே கூடாது. சாயங்காலம் திருநாகேஸ்வரத்தில் ராகுகால அபிஷேகத்தில், ராகு பகவான் மேல் வழிந்த பால் நீலமாகத் தெரிந்தபோது அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது ஒன்றே போதும்.

திங்கட்கிழமை திருமங்கலக்குடி, சூரியனார்கோவில், கஞ்சனூர் சுக்கிரன். திருமங்கலக்குடியில் கும்பிட்ட பிறகே சூரியனாரிடம் போவது வழக்கம். இதுவும் அண்ணன் சொல்லித்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை கூட்டம் நெருக்கும் என்று செவ்வாய்க்குரிய வைத்தீஸ்வரன்கோவிலை திங்கள் சாயங்காலமே முடிக்க வைத்து, ராத்திரி அங்கேயே தங்க வைத்தார். மறுநாள் காலை திருவெண்காடு புதன், கீழப்பெரும்பள்ளம் கேது, கடைசியாகத் திருநள்ளாறு. சனிக்கிழமை இல்லாததால் சனீஸ்வரரை நிதானமாகக் கும்பிட முடிந்தது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். வாடகை கிலோமீட்டர் கணக்கு. டோல், டிரைவர் பேட்டா தனி. அதெல்லாம் முன்பே சொன்னார்கள். ஆனால் திருநள்ளாறு காரைக்காலில், அதாவது புதுச்சேரி எல்லைக்குள் இருக்கிறது. எங்கள் வண்டி உள்ளே போகத் தனியாக பர்மிட் கட்ட வேண்டியிருந்தது. அதை ஆபீஸில் யாரும் சொல்லவில்லை. எல்லையில் நின்றுகொண்டு போனில் பேசி, கடைசியில் நாங்களேதான் கட்டினோம். பணத்தை விட, சாமி பார்க்கப் போகிற நேரத்தில் வாக்குவாதம் செய்ய நேர்ந்ததுதான் கஷ்டமாக இருந்தது. நீங்கள் முன்பணம் கொடுக்கும்போதே பர்மிட் யார் பொறுப்பு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டி சுத்தம், ஏசி நன்றாக வேலை செய்தது. கடைசி வரிசையில் மட்டும் குலுக்கல் அதிகம், சின்னப் பையன்களை அங்கே உட்கார வையுங்கள். படி உயரம், முதல் கோயிலில் அத்தையை இரண்டு பேர் தூக்கித்தான் இறக்கினோம். அதைப் பார்த்த அண்ணன் கும்பகோணத்தில் ஒரு மர முக்காலி வாங்கி வந்தார். அப்புறம் ஒவ்வொரு கோயில் வாசலிலும் அதைப் போட்டு, "மெதுவா இறங்குங்க பெரியம்மா" என்று கை கொடுத்தார்.

கார்த்திகைக்கு மேல் அறுபடை வீடு போக இருக்கிறோம். அந்த அண்ணனுக்கு எந்தத் தேதி தோது என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி பேசப் போகிறேன்.