த்ரெட் உருவாவதைப் பார்க்க: எஸ்ட்ரேஸ்

லினக்ஸில் த்ரெட் (ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) எப்படிப் பிறக்கிறது என்று கண்ணால் பார்க்க எஸ்ட்ரேஸ் (strace) அருமையான கருவி. நிரல் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையத்திடம், வைக்கும் அழைப்புகளை அது வரிசையாகக் காட்டும். '-எஃப்' சேர்த்தே ஓட்டுங்கள், இல்லாவிட்டால் புது த்ரெட்டுகள் செய்வது எதுவும் தெரியாது. முதலில் எம்மேப் என்ற அழைப்பு ஸ்டாக்குக்கு (த்ரெட்டின் சொந்த வேலை நினைவகம்) இடம் ஒதுக்கும் (வழக்கமாக 8 எம்பி, அதுவும் முகவரி வெளி மட்டும்தான், உண்மையான நினைவகம் உடனே செலவாகாது). அடுத்து அந்த இடத்தில் படிக்க, எழுத அனுமதி தரும் எம்ப்ரொடெக்ட், பிறகு த்ரெட்டையே உருவாக்கும் குளோன்3. ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.34க்கு முந்தையதானால் வெறும் குளோன்.

இதன் உண்மையான பலன் பிழை தேடும்போதுதான் தெரியும். நினைவகம் போதாமல் எம்மேப் தோற்றாலும், த்ரெட் எண்ணிக்கை வரம்பைத் தொட்டு குளோன் தோற்றாலும் த்ரெட்டை உருவாக்க நிரல் அழைக்கும் பிதிரெட் கிரியேட் நமக்குத் தருவது ஒரே ஈஅகெய்ன் (EAGAIN) என்ற பிழைக் குறிதான். எஸ்ட்ரேஸ் அதைப் பிரித்துக் காட்டிவிடும். குளோனில் தோற்றிருந்தால் 'யூலிமிட் -யு' (பயனருக்கான வரம்பு), சிகுரூப்பின் (ப்ராசஸ் குழுக்களுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) பிட்ஸ்.மேக்ஸ் (pids.max) இரண்டையும் பாருங்கள்.

குறை: நிரலை வெகுவாக மந்தமாக்கும். கெர்னலுக்குள் புது த்ரெட்டை அமைக்கும் காப்பி-ப்ராசஸ் என்ற செயற்கூறு இதில் தெரியாது, அதற்கு கெர்னலின் உள்ளேயே தடம் பார்க்கும் எஃப்ட்ரேஸ் வேண்டும்.