15-க்கு ஒரு நியாயம், 18-க்கு ஒரு நியாயம்: அலாய் வீல் அளவும் ரெப்ளிகா கணக்கும்

அலாய் வீல் வாங்கப் போகிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பது வழக்கம். 16 போதுமா, 17 போடலாமா என்பது ஒன்று. கம்பெனி வீலே வாங்குவதா, அதே டிசைனில் வரும் ரெப்ளிகா போதுமா என்பது இன்னொன்று. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குறுகும். பள்ளத்தில் விழும் அடியில் ரப்பர் வாங்கியது போக மிச்சத்தை அலுமினியம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். 15 அங்குலத்தில் பிழைத்துப்போகும் சுமாரான வார்ப்பு 18 அங்குலத்தில் விரிசல் விடும். அளவைச் சொல்லாமல் "ரெப்ளிகா நல்லதா கெட்டதா" என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

முதலில் அளவு

நடுத்தர ஹேட்ச்பேக், செடான் கார்களில் பரவலாகக் காணப்படும் ஒரு வரிசை இது (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல்; அடுத்தது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை விழுக்காடு என்ற விகிதம்; ஆர்-க்குப் பின் வருவது ரிம்மின் விட்டம் அங்குலத்தில்):

195/65 ஆர்15: பக்கச்சுவர் 127 மி.மீ., மொத்த விட்டம் 634.5 மி.மீ.
205/55 ஆர்16: பக்கச்சுவர் 113 மி.மீ., மொத்த விட்டம் 632 மி.மீ.
225/45 ஆர்17: பக்கச்சுவர் 101 மி.மீ., மொத்த விட்டம் 634 மி.மீ.
225/40 ஆர்18: பக்கச்சுவர் 90 மி.மீ., மொத்த விட்டம் 637 மி.மீ.

மொத்த விட்டம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. அதனால் ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம் எதற்கும் குழப்பம் வராது. கணக்கு எளிது: அகலத்தை விகிதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் பக்கச்சுவர். அதை இரட்டித்து, ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி வருவதோடு கூட்டினால் விட்டம். பழைய விட்டத்திலிருந்து 3 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் விதி. 16-இல் இருந்த 205/55 என்ற எண்ணை அப்படியே 17-க்கும் எடுத்துப்போனால் விட்டம் 657 மி.மீ. ஆகிவிடும், 4 விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகக்கூடும், முழுச் சுமையில் டயர் உள் ஃபெண்டரில் உரசும்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது பக்கச்சுவர் எண்தான். 15-இலிருந்து 18-க்குப் போகும்போது பக்கச்சுவரில் 37 மி.மீ. காணாமல் போகிறது. கூர்மையான விளிம்புள்ள பள்ளத்தில் டயர் நசுங்கி ரிம்மின் உதட்டைத் தொடுவதற்கு முன் இருக்கும் இடைவெளி அந்தப் பக்கச்சுவர்தான். 16-இல் "தொம்" என்று கேட்டுக் கடந்துபோகும் பள்ளம், 18-இல் டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டைப் புடைப்பையும் ரிம்மில் ஒரு நெளிவையும் விட்டுப்போகும்.

18-க்குப் போகிறவர்கள் தவறவிடும் இன்னொன்று சுமைக் குறியீடு, அதாவது டயர் அளவுக்குப் பின்னால் வரும் 91, 92 போன்ற எண். 205/55 ஆர்16 91 என்றால் 2.5 பார் காற்றில் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 225/40 ஆர்18 92 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்பது 630 கிலோ என்று எழுதியிருந்தாலும், அது 2.9 பாரில்தான். பழைய பழக்கத்தில் 2.5 பாரே வைத்தால் அதே டயர் சுமார் 560 கிலோதான் தாங்கும். பெரிய ரிம் போட்டவர்களின் வீல் அடிக்கடி நெளிவதற்குப் பள்ளம் பாதிக் காரணம், காற்றுக் குறைவு மீதிக் காரணம்.

எங்கள் தீர்ப்பு: மேடுபள்ளம் உள்ள சாலையில் தினமும் ஓடும் குடும்ப வண்டிக்கு, கம்பெனி கொடுத்ததிலிருந்து ஓர் அங்குலம் மட்டும் கூட்டலாம். அதற்கு மேல் போவது அழகுக்காக. அழகுக்காகச் செய்வதில் குற்றமில்லை, ஆனால் அப்போது வீலின் உலோகத்தில் சிக்கனம் பார்க்கக்கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு: சிறிய அளவுக்கு இறங்க நினைப்பவர்கள். வண்டியின் உயர் மாடலில் பெரிய டிஸ்க் பிரேக் இருந்தால், அடிப்படை மாடலின் 15 அங்குல ரிம் கேலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) முட்டும். விட்டம் சரியாக இருந்தாலும் ஸ்போக்கின் உள்வளைவு இடிக்கலாம். டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

அகலமும் ஆஃப்செட்டும்

கடையில் "17 இன்ச், ஐந்து போல்ட், உங்க வண்டிக்குப் பொருந்தும்" என்று சொல்வதில் அடங்காதது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டும் மையப் பாகம்) அமரும் முகத்துக்கும் உள்ள தூரம் இது. வீலின் பின்புறம் ஈடி என்ற எழுத்தோடு மி.மீ. கணக்கில் வார்த்திருக்கும்.

உதாரணத்துக்கு, வண்டியில் இருப்பது 6.5ஜே ஈடி46 (ஜே-க்கு முன்னால் உள்ளது ரிம்மின் அகலம், அங்குலத்தில்). மாற்றப் போவது 7.5ஜே ஈடி35. ஓர் அங்குல அகலம் கூடியதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. விரியும். ஆஃப்செட் 11 குறைந்ததால் முழு வீலும் அந்த அளவு வெளியே நகரும். ஆக வெளி விளிம்பு 23.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு வெறும் 1.7 மி.மீ. உள்ளே போகும். கிட்டத்தட்ட இரண்டரை சென்டிமீட்டர் துருத்தினால் நாலு பேர் ஏறி வேகத்தடையில் இறங்கும்போது ஃபெண்டர் விளிம்பு டயரைச் செதுக்கும். ஸ்டியரிங் சாலையின் தடத்தோடு இழுபடும். வீல் பேரிங்குக்கும் நெம்புகோல் சுமை கூடும்.

கம்பெனி வீலும் ரெப்ளிகாவும் முதன்முதலில் பிரியும் இடம் இதுதான். கம்பெனி வீல் ஒரு குறிப்பிட்ட மாடலுக்கென ஈடி 43, 46, 49 என்று தனித்தனியாக வரும். ரெப்ளிகா தயாரிப்பவர் ஓர் அச்சில் பத்து வண்டிகளுக்கு விற்க வேண்டும். ஈடி35, ஈடி40 என்று பொதுவான ஒரு எண்ணில் நிறுத்திவிடுவார். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

நடுத்துளையிலும் அதே கதை. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகள் பலவற்றில் ஹப் விட்டம் 57.1 மி.மீ.; பல பொது வீல்களில் துளை 73.1 மி.மீ. இடையில் 16 மி.மீ. வித்தியாசம். அதை நிரப்ப வளையம் போட வேண்டும். வளையம் சுமை தாங்குவதற்கல்ல. போல்ட் இறுக்கும்போது வீல் சரியான மையத்தில் அமர்வதற்கு. அது இல்லாமல் மாட்டினால் 90, 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் மெஷினோ வீலை நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடிப்பதால் சுழியம் என்றுதான் காட்டும். மூன்று முறை பேலன்சிங் செய்தும் நடுக்கம் போகவில்லை என்பவர்கள், முதலில் வீலைக் கழற்றி அந்த இடைவெளியைப் பார்க்கட்டும்.

நான்கு வகை, இரண்டல்ல

ஒரிஜினல், ரெப்ளிகா என்று இரண்டாகப் பிரிப்பது போதாது.

முதலாவது கம்பெனி வீல். கார் நிறுவனத்தின் பாகம்தான், ஆனால் பெரும்பாலும் வார்ப்பது வேறொருவர். ரோனல், போர்பெட், என்கே போன்றவர்கள் கார் நிறுவனங்களுக்கு வீல் செய்து கொடுப்பவர்கள். இரண்டாவது, அதே தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில், சொந்த டிசைனில் விற்பது. மூன்றாவது, கம்பெனி டிசைனைப் பார்த்து வார்த்து, லோகோ இல்லாமல் விற்கும் ரெப்ளிகா. நான்காவது, லோகோவும் பாக எண்ணும் சேர்த்து வார்த்து ஒரிஜினல் என்றே விற்கும் போலி. நான்காவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை: பெயரிலேயே பொய் சொல்பவர் பொருளில் உண்மை சொல்ல மாட்டார்.

மூன்றாவதிலும் தரம் ஒரே மாதிரி இல்லை. ஐரோப்பிய 124ஆர் அனுமதி எண்ணோ, ஜெர்மனியின் கேபிஏ எண்ணோ பெற்ற ரெப்ளிகாக்கள் உண்டு. அவை சோதனையில் தேறியவை. ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியக் குறியை மட்டும் பார்த்து நம்புவதுதான் ஆபத்து. அது தயாரிப்பாளர் தாமே உறுதிகூறிப் போட்டுக்கொள்ளும் குறி. அச்சில் மூன்று எழுத்து செதுக்க யாராலும் முடியும். அதனோடு விஐஏ முத்திரையும் இருந்தால்தான் தனி அமைப்பிடம் சோதித்துப் பதிவு செய்ததாக அர்த்தம்.

வார்ப்பில் என்ன வித்தியாசம்? வீல் வார்ப்புக்குப் பெரும்பாலும் பயன்படுவது ஏ356 என்ற கலவை: அலுமினியத்தில் 6.5 முதல் 7.5 விழுக்காடு சிலிக்கான், கொஞ்சம் மெக்னீசியம். இரும்பு 0.2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. பழைய அலுமினியத்தை உருக்கிச் சேர்த்தால் இரும்பு ஏறும். அது உலோகத்துக்குள் ஊசி வடிவில் படிந்து விரிசலுக்கு வழி திறந்துவிடும். அடுத்தது டி6 வெப்பப் பதப்படுத்தல்: 540 டிகிரியை ஒட்டிப் பல மணி நேரம் சூடாக்கி, நீரில் சட்டெனக் குளிர்வித்து, மறுபடி 150 டிகிரிப் பக்கம் வைத்து முதிர வைப்பது. உலை நேரம் செலவு. மலிவு விலையில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். பெயின்ட் அடித்தபின் வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. தட்டிப் பார்த்து ஓசையில் தரம் சொல்லும் வித்தை மண்பானைக்குச் சரி, வீலுக்கு உதவாது.

இதன் விளைவு பள்ளத்தில் தெரியும். நன்றாகப் பதப்படுத்திய வீல் அடி வாங்கினால் நெளியும். காற்று மெதுவாக இறங்கும், வண்டியை ஓரம் கட்ட நேரம் கிடைக்கும். மோசமான வார்ப்பு நெளியாமல் வெடிக்கும். உள்பக்க உதட்டில் தொடங்கும் விரிசல் ஸ்போக் அடிவரை ஓடிக் காற்றை ஒரேயடியாக இறக்கிவிடலாம்.

எடையையும் பாருங்கள். பலம் குறைந்த உலோகத்தைத் தடிமனால் ஈடுகட்டுவதால், அதே அளவு கம்பெனி வீலைவிட ரெப்ளிகா கனமாக வருவது சகஜம். சஸ்பென்ஷனுக்குக் கீழே சுழலும் எடை என்பதால் முடுக்கத்திலும் சாலைக் குலுக்கலிலும் அது தெரியும். கனமில்லாமல், சோதனைக் குறியும் இல்லாமல், மலிவாகவும் கிடைத்தால் இன்னும் கவலைப்பட வேண்டும்.

வீலின் பின்புறம் கிலோவில் அதிகபட்சச் சுமை வார்த்திருக்க வேண்டும். வண்டியின் தயாரிப்பாளர் தகட்டில் உள்ள அச்சுச் சுமையில் (ஆக்சில் லோடு) பாதிக்குக் குறையக்கூடாது: பின் அச்சு 1100 கிலோ என்றால் வீல் குறைந்தது 550 கிலோ. எண்ணே இல்லாத வீலை 15 அங்குலத்துக்குக்கூட நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அப்படியானால் எது, எதற்கு

15, 16 அங்குலத்தில், சுமை எண்ணும் அனுமதிக் குறியும் உள்ள ரெப்ளிகா ஏற்கத்தக்கது. டயர் தடித்தது, அடியை அது வாங்கிக்கொள்ளும். 17-இல், விஐஏவோ 124ஆரோ இல்லாததைத் தொட வேண்டாம். 18-க்கு மேல் கம்பெனி வீல், அல்லது சொந்தப் பெயரில் விற்கும் தயாரிப்பாளரின் வீல்; வேறு பேச்சில்லை. பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஓர் அங்குலம் இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

நடுவில் இன்னொரு வழியும் உண்டு: வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய கம்பெனி வீல். புது ரெப்ளிகாவைவிடப் பெரும்பாலும் இதுவே மேல், பார்த்து வாங்கினால். டயரைக் கழற்றச் சொல்லி உள்பக்கத்தைக் கழுவிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் புதுப் பெயின்ட், அரத்தால் தேய்த்த தடம், வெல்டிங் மேடு இருந்தால் வேண்டாம். வெல்டிங் சூட்டில் சுற்றியுள்ள உலோகம் டி6 பலத்தை இழந்துவிடும். பற்றவைத்த கோட்டுக்குப் பக்கத்தில் மறுபடி உடையும். சிறிய நெளிவை ஒருமுறை நேராக்கியிருந்தால் பரவாயில்லை. வெறும் ரிம்மை மெஷினில் சுற்றி டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்தால், டயர் அமரும் இடத்தில் 1 மி.மீ.க்கு மேல் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். டைமண்ட் கட் முகத்தில் (பளபளக்கக் கடைந்த முகப்பு) லேக்கருக்கு அடியில் வெள்ளைப் புழு போல அரிப்பு ஓடியிருந்தால் மறுபடி கடைய வேண்டும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும்.

போல்ட்டில் கோட்டை விடாதீர்கள்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும், வீல் கழன்றுபோவதற்கு ஒரு வழி இருக்கிறது. போல்ட் வீலில் அமரும் பரப்பு வண்டிக்கு வண்டி மாறும்: 60 டிகிரிக் கூம்பு, உருண்டை, தட்டை. ஃபோக்ஸ்வாகன், ஹோண்டா கம்பெனி வீல்களில் உருண்டை. வெளிச்சந்தை வீல்கள் பெரும்பாலும் கூம்பு. கூம்புக் குழியில் உருண்டைப் போல்ட்டைப் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில் மட்டும் தொடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) சரி என்று சொன்னாலும் சில நூறு கிலோமீட்டரில் தளரும். போல்ட்டின் அமரும் பகுதியில் மார்க்கர் மை தடவி, கையால் இறுக்கிக் கழற்றுங்கள். குழியில் அகலமான பட்டையாக மை ஒட்டினால் சரி, ஒற்றைக் கோடாக ஒட்டினால் தவறான போல்ட். சோதனைக்குக் கிரீஸ் தடவ வேண்டாம். மரையில் வழுக்கல் வந்தால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

நீளமும் முக்கியம். எம்12x1.5 போல்ட் குறைந்தது ஆறரைச் சுற்று, எம்14x1.5 குறைந்தது ஏழரைச் சுற்று உள்ளே போக வேண்டும். ரொம்ப நீளமானால் பின்னால் டிரம் பிரேக் உள்பாகத்தில் முட்டும். இறுக்கும் அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்: எம்12-க்கு 105 நியூட்டன் மீட்டர் பக்கம், எம்14-க்கு 120 முதல் 140 வரை என்பது வழக்கம். ஏர் கன்னால் முடித்துவிடாமல் குறுக்கு வரிசையில் டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை.

பழைய போல்ட்டுகளைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு வீல்தான். புதுக் கூம்புப் போல்ட் அதில் சரியாக அமராது. நடுவழியில் பஞ்சராகும்போது ஒரு செட் பழைய போல்ட் ஸ்டெப்னியோடு கட்டியிருக்க வேண்டும்.