ஒரே வோர்ட், மூன்று ஈஸ்ட்: எந்த பீர் தேறியது?

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஈஸ்ட் மட்டும் கடையில் எது கையில் கிடைக்கிறதோ அதுதான். இந்த அலட்சியம் எனக்கு ஒப்பாது. மாரிஸ் ஆட்டர் மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கோல்டிங்ஸ் ஹாப்ஸும் சேர்த்துக் காய்ச்சிய ஒரே வோர்ட்டை, அதாவது இன்னும் நொதிக்காத இனிப்புச் சாற்றை, மூன்று வாளிகளில் பங்கிட்டேன். தண்ணீரை 1.000 என்று வைத்தால் தொடக்க அடர்த்தி 1.046; நொதிக்க நொதிக்க இது இறங்கும். ஒன்றில் யுஎஸ்-05 என்ற உலர் ஈஸ்ட், இன்னொன்றில் எஸ்-04 என்ற உலர் ஈஸ்ட், மூன்றாவதில் நார்வேயின் வாஸ் பகுதியைச் சேர்ந்த க்வைக் என்னும் பண்ணைவீட்டு ஈஸ்ட். நான் இருப்பது இங்கிலாந்தில். சொந்தத் தேவைக்கு பீர் காய்ச்ச 1963 முதல் இங்கே உரிமம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இதே வேலை குற்றம்.

யுஎஸ்-05 சாதுவான ஈஸ்ட். 18 டிகிரியில் விட்டேன், அடர்த்தி 1.008 வரை இறங்கியது, ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம். தன் மணம் எதையும் சேர்க்காமல் ஹாப்ஸை முன்னே நிறுத்துகிறது. ஆனால் அடியில் படிய மனமில்லாதது. பாட்டிலைச் சற்று அசைத்தாலும் வண்டல் கிளம்பிக் குவளை கலங்கிவிடுகிறது.

எஸ்-04 நேர் எதிர். வண்டல் பாட்டிலின் அடியில் அடைபோல ஒட்டிக்கொள்வதால் கடைசி மடக்கு வரை தெளிவாக ஊற்றலாம். 1.011இல் நின்றுவிட்டது; ஆல்கஹால் 4.6 சதவீதம்தான். மிஞ்சிய இனிப்பு நாக்கில் தங்குகிறது, லேசான பழமணமும் உண்டு. பிட்டர் எனப்படும் கசப்பான ஆங்கிலேய பீருக்கு வேண்டியது இதுதான். ஒரு கண்டிப்பு: 20 டிகிரியைத் தாண்டினால் ரொட்டிமாவுப் புளிப்பு எட்டிப் பார்க்கும்.

க்வைக்கின் கதையே வேறு. மற்ற ஈஸ்ட்டுகள் கெட்டுப்போகும் 35 முதல் 40 டிகிரி வரை இதற்கு உகந்த சூடு. சில நாட்களில் நொதித்து முடித்துவிடும், ஆரஞ்சுத் தோல் மணம் தரும். அடர்த்தி குறைந்த வோர்ட்டில் சத்து போதாமல் திணறும் என்பதால் ஈஸ்ட்டுக்கான ஊட்டம் கொஞ்சம் சேர்த்தேன். இதன் வேகத்தை ஆகா ஓகோ என்கிறார்கள். பாட்டிலில் வாயு ஏற எப்படியும் இரண்டு வாரம் காத்திருக்கத்தானே வேண்டும்? பீப்பாயில் வாயு ஏற்றுகிறவர்களுக்குத்தான் அந்த அவசரம் பயன்படும். குளிர்காலத்தில் வாளியைச் சூடாக வைத்திருக்க ஆகும் மின்கட்டணத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சுவைத்துப் பார்க்க நண்பர்களை அழைத்து முக்கோணச் சோதனை வைத்தேன்: மூன்று குவளை, இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு, வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஊற்றுகிறவர் ஒருவர், பரிமாறுகிறவர் வேறொருவர். நிறத்தைப் பார்த்து ஊகிக்காமலிருக்க ஒளிபுகாக் குவளைகள். யுஎஸ்-05ஐயும் எஸ்-04ஐயும் பிரித்தறிய முடியாமல் பாதிப் பேர் தடுமாறினார்கள். க்வைக்கை எல்லோரும் மூக்காலேயே பிடித்துவிட்டார்கள். அமெரிக்க பீர் நடுவர் அமைப்பான பிஜேசிபியின் 50 மதிப்பெண் தாளில் சுவைக்கு 20, மணத்துக்கு 12, தோற்றத்துக்கு வெறும் 3. எஸ்-04இன் தெளிவுக்கு இது அநியாயம். கலங்கிய பிட்டரை நான் விருந்தினருக்கு நீட்ட மாட்டேன்.

வீடு 18 டிகிரியில் நிற்கும் மாதங்களில் எனக்கு எஸ்-04. ஹாப்ஸ் தூக்கலான, வெளிர்நிற பேல் ஏல் பீர் என்றால் யுஎஸ்-05. ஜூலையில் வெயில் ஏறி, குளிர்விக்க வழியில்லாதபோது க்வைக். அந்த ஆரஞ்சு மணம் பிட்டரில் ஒட்டாது, கோதுமை பீருக்குப் பொருந்தும்.