தைரியம் சொல்வதா, கேட்டுக்கொண்டு உட்கார்வதா?

பாலக்காட்டில் மனநல வார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பாட்டி ஒருவர், “சிஸ்டர், சுவத்துக்குள்ள இருந்து என்னைத் திட்டறாங்க” என்றார். “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை பாட்டி, கவலைப்படாதீங்க” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்கப் பேசவில்லை.

தைரியம் சொல்வது சுருக்கமான வழி. மாத்திரை கொடுக்கும் நேரத்தில் வாயில் முதலில் வருவதும் அதுதான். ஆனால் பாட்டிக்குக் குரல் நிஜமாகவே கேட்கிறது. ‘இல்லை’ என்றால் அவரைப் பொய் சொல்பவர் ஆக்கிவிடுகிறோம்.

இன்னொரு வழி: “எனக்கு அந்தக் குரல் கேட்கலை பாட்டி. உங்களுக்குக் கேட்குது, பயமாவும் இருக்கு, இல்லையா?” இதில் குரலை ஒப்புக்கொள்ளவும் இல்லை, வாதாடவும் இல்லை. அப்புறம் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த மௌனம்தான் கடினம். அரை நிமிடம்கூட நீளமாகத் தெரியும். ஆனால், “உங்களை ஏதாவது செய்யச் சொல்லுதா?” என்ற முக்கியமான கேள்விக்கு அதற்குப் பிறகுதான் பதில் வரும். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால் உடனே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். அதனால் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது.

செவிலியர்–நோயாளி உறவே சிகிச்சைதான் என்று அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-லேயே எழுதினார். நான் இரண்டாவது வழியின் பக்கம். மறுநாள் பாட்டியிடம் மலையாளம் கலக்காமல் தமிழிலேயே பேசினேன். “உட்காரு கண்ணு” என்று கட்டிலில் இடம் விட்டார்.