மலைச் சாமான் மதுரையில்தான் கெடுகிறது: ஷூ, பை, ஸ்லீப்பிங் பேக் நீண்டநாள் பயன்பாட்டில்

லடாக் பக்கம் நடைப்பயணம் போக வாங்கிய சாமான் வருடத்தில் பத்து நாள் பனியைப் பார்க்கும். மிச்ச நாளெல்லாம் மதுரையில், பரணில். சேதமும் பெரும்பாலும் அங்கேதான்.

முதல் பலி ஷூ. அடி ரப்பருக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே இருக்கும் மெத்தென்ற அடுக்குதான் நடுச்சோல் (midsole). பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் ஆன நடுச்சோல் என்றால், ஈரக்காற்று அதை மெல்லச் சிதைக்கும். நம்மூர் வெக்கை அதை வேகப்படுத்தும். ஐந்தாறு வருடம் பெட்டிக்குள் புதுசாகவே தெரிந்த ஜோடி, மலையில் இரண்டாம் நாள் புட்டு மாதிரி உதிரும். கிளம்ப ஒரு மாதம் முன்பே சோலின் பக்கவாட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடி ஒட்டினால், மயிரிழை விரிசல் தெரிந்தால், தூக்கிப் போட வேண்டியதுதான். சுற்றித் தைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அடி ரப்பர் விளிம்பு பிரிந்திருந்தால் தைக்கலாம். நடுச்சோலே உதிர்ந்தால் நூல் எதைப் பிடிக்கும்? ஊசி மேல்பாகம் வரை ஏறினால் தண்ணீரும் உள்ளே வரும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் ஷூவைப் போட்டு வைத்தால் பசையும் விட்டுவிடும்.

முதுகுப் பைக்கும் அதே வியாதி. மழை உறையின் உட்பூச்சு பிசுபிசுத்து, புளித்த வாடை அடித்தால் அதன் ஆயுள் முடிந்தது. எப்படியும் உறையை மட்டும் நம்பக்கூடாது. பைக்குள் கெட்டியான பாலிதீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் துணிகளை அடுக்குவதே பாதுகாப்பு.

இறகு ஸ்லீப்பிங் பேக்கை அமுக்கிய நிலையிலேயே வைத்தால் இறகு மறுபடி உப்பாது, கதகதப்பும் போய்விடும். பழைய வேட்டியில் தளர்வாகப் பொதிந்து வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம். இரவெல்லாம் முகத்தில் அந்த நெடிதான்.

மாதம் நாலு நாளாவது சாமானை உழைக்க வைத்தால் கோளாறு முன்கூட்டியே தெரியும், உடம்பும் பழகும். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலை தாண்டி நூபுர கங்கை வரை ஏறுவது நல்ல பயிற்சி. முதுகுப் பையில் 5 கிலோவில் தொடங்கி வாரம் ஒரு கிலோ கூட்டி 12 வரை போகலாம். எடைக்குத் தண்ணீர் பாட்டில்: லிட்டருக்கு ஒரு கிலோ, முழங்கால் முனகினால் மேலேயே கொட்டிவிட்டு இறங்கலாம். (தின்பண்டம் பைக்கு வெளியே தெரிந்தால் குரங்குகள் எடையைக் குறைத்துக் கொடுக்கும்.) மற்ற நாள் வீட்டு மாடிப்படி போதும்: 20 செ.மீ. படியில் 500 முறை ஏறினால் 100 மீட்டர். இறக்கத்தில் விரல் நுனி ஷூவில் இடித்தால் அளவு சிறிது. வாங்கும்போதே, கால் வீங்கியிருக்கும் சாயங்கால வேளையில், தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள்.

இந்தப் பயிற்சியால் கால் பலப்படும், உயரம் பழகாது. 100 மீட்டர் உயரத்து ஊர்க்காரர் டெல்லியிலிருந்து விமானத்தில் லடாக்கின் லே நகரில் இறங்கினால் ஒரேயடியாக 3,200 மீட்டருக்கு மேல். முதல் இரண்டு நாள் ஓய்வு. பிறகு, படுக்கும் இடம் ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி இங்கேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. சத்துமாவு, பொட்டுக்கடலைப் பொடி, கடலைமிட்டாய் கைகொடுக்கும். கேஸ் டப்பா விமானத்திலும் ரயிலிலும் கூடாது, அங்கே போய் வாங்குங்கள். பவர்பேங்க் விமானத்தில் கைப்பையில், மலையில் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் இருக்கட்டும், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும்.